கடல் கடந்த சட்டக் கல்வி



வைத்தியம் கற்றவன் எந்தத் தேசத்துக்குப் போனாலும் நோயாளியின் ஈரல் வலப்பக்கத்திலேயே இருக்கக் காண்கிறான். பாலம் கட்டக் கற்றவனுக்குக் காவேரியின் மேலும் ஹட்ஸன் நதியின் மேலும் பாரத்தின் கணக்கு ஒன்றே. சட்டம் கற்றவனுடைய நிலை அப்படிப்பட்டதன்று. அவன் மூன்று வருஷமோ ஐந்து வருஷமோ கண்விழித்துப் படித்த சாட்சியச் சட்டமும், ஒப்பந்தச் சட்டமும், சிவில் நடைமுறைச் சட்டமும் விமானம் ஏறிய மாத்திரத்தில் அவனுக்கு உதவாமற் போகின்றன. அங்கே போய்க் கற்கும் சட்டமோ, திரும்பி வந்து நம்முடைய முன்சீப் கோர்ட்டில் நிற்கும்போது ஒரு வாய்தா வாங்குவதற்குக்கூடப் பயன்படாது. இருந்தும் ஆண்டுதோறும் உலகத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் சட்டம் படித்து முடித்தவர்கள், அவர்களில் பலர் வழக்காடி அனுபவப்பட்டவர்கள், சிலர் நீதிபதிகளாகவே இருந்தவர்கள், மறுபடியும் மாணவர்களாகி நியூயார்க்குக்கும் பாஸ்டனுக்கும் லண்டனுக்கும் ஆக்ஸ்போர்டுக்கும் போய்ச் சேருகிறார்கள். மண்ணோடு பிணைந்த ஒரு வித்தையை மற்றொரு மண்ணில் போய்க் கற்பதில் என்ன லாபம் என்ற கேள்வியையே இன்று உங்கள் முன் ஆராய விரும்புகிறேன்.

பழைய காலத்தில் இதற்கு விடை எளிதாக இருந்தது. இங்கே ஆண்டது ஆங்கிலேயர் சட்டம். ஆகையால் அதன் பிறப்பிடத்துக்கே போய் வந்தவனுக்கு இங்கே மதிப்பு இருந்தது. கல்கத்தா உயர்நீதிமன்றத்தின் அசல் வழக்குப் பிரிவில் பாரிஸ்டர்கள் நெடுங்காலம் தனியுரிமை கொண்டாடினார்கள். காந்தியடிகள் 1888ஆம் ஆண்டில் லண்டனுக்குக் கப்பலேறி, இன்னர் டெம்பிள் என்ற பாரிஸ்டர் சபையில் சேர்ந்து, 1891ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பாரிஸ்டரானார். அக்காலத்துப் படிப்பில் பரீட்சை எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் விருந்து. தவணைக்கு இத்தனை விருந்து என்று சபையின் கூடத்தில் உட்கார்ந்து உண்ணாதவனுக்குப் பட்டயம் கிடையாது. மாமிசமும் மதுவும் தொடாத அந்த குஜராத்தி இளைஞர் அந்தப் பந்தியில் எப்படி நாள் கழித்திருப்பார் என்பதை எண்ணிப் பாருங்கள். ஆனால் அந்தச் சம்பிரதாயத்தைச் சகித்துக்கொண்டவனுக்குக் கைமேல் பலன் இருந்தது. 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டம் வந்து இந்நாட்டில் வழக்காடுவோர் அனைவரையும் ஒரே வரிசையில் நிறுத்திய பிறகுதான் அந்தப் பலன் அற்றுப்போயிற்று.

அக்காலத்தில் போன எல்லோருக்கும் பலன் கிடைத்ததென்றும் சொல்லிவிட முடியாது. கார்னீலியா ஸோராப்ஜி என்ற பார்சி கிறிஸ்தவப் பெண்மணி 1889ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டின் ஸோமர்வில்லுக்குச் சென்றார். அங்கே பி.ஸி.எல். என்ற பரீட்சை ஒன்று உண்டு. பெயரளவில் இளநிலைப் பட்டம்போலத் தோன்றினாலும் உண்மையில் முதுநிலைப் படிப்பு. ஆடவருடன் உட்கார்ந்து அப்பரீட்சையை எழுத அவருக்குச் சர்வகலாசாலை பிரத்தியேக அனுமதி அளிக்க வேண்டியிருந்தது. 1892இல் அவர் எழுதித் தேறினார். பட்டத்தை 1922இல்தான் கையில் கொடுத்தார்கள். முப்பது வருஷம்! பெண்களுக்குப் பட்டம் அளிப்பதில்லை என்ற விதியை அந்தச் சர்வகலாசாலை 1920இல்தான் கைவிட்டது. இடைக்காலத்தில் அவர் சும்மா இருக்கவில்லை. கோஷா முறையில் அந்தப்புரத்துக்குள் அடைந்து கிடந்த ஜமீன்தாரிணிகள், சொத்து இருந்தும் சட்ட ஆலோசனை கேட்க ஓர் ஆண் வக்கீலின் முன் வர முடியாதிருந்த நிலையில், அவர்களுக்கும் சர்க்காருக்கும் இடையே நின்று உழைத்தார். பட்டம் முப்பது வருஷம் காத்திருந்தது, படிப்பு காத்திருக்கவில்லை.

இப்பொழுது நம் காலத்துக்கு வருவோம். இன்றைக்கு இந்தப் பிரயாணத்தின் பெருவழி அமெரிக்காவை நோக்கியது. அங்கே சட்டம் படிக்க விரும்பும் அமெரிக்கன், முதலில் வேறொரு பட்டம் பெற்று, அதன்பின் மூன்று வருஷம் ஜே.டி. படிக்கிறான். வெளிநாட்டிலிருந்து வருகிற, ஏற்கெனவே சட்டப் பட்டம் பெற்றவனுக்கென்று ஒரு வருஷத்து எல்.எல்.எம். இருக்கிறது, ஆகஸ்டில் தொடங்கி மே மாதத்தில் முடிந்துவிடும். ஹார்வர்டில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 180 பேர், அறுபதுக்கு மேற்பட்ட தேசங்களிலிருந்து வந்து சேருகிறார்கள். யேலில் முப்பது பேருக்கும் குறைவு; அவர்களும் பெரும்பாலும் ஆசிரியத் தொழிலை நாடுபவர்கள். கொலம்பியாவிலும் நியூயார்க் சர்வகலாசாலையிலும் கூட்டம் மிகுதி.

அங்கே போய் இறங்கிய தமிழ்ப் பிள்ளைக்கு முதல் வியப்பு வகுப்பறையில் அன்று, தன் பெயரிலேயே காத்திருக்கிறது. என்னிடம் பயின்று நியூயார்க்குக்குப் போன திருநெல்வேலிப் பெண் ஒருத்தி எழுதியிருந்தாள். நம் வழக்கப்படி அவளுக்குத் தகப்பனார் பெயரின் முதலெழுத்துத்தான் முன்னே உண்டு. பாஸ்போர்ட்டுக்காக அந்த ஓரெழுத்தை விரித்து எழுத, அது அங்கே குடும்பப் பெயராகிவிட்டது. முதல் நாள் வகுப்பில் பேராசிரியர் மேடையிலிருந்து ஆசன வரைபடத்தைப் பார்த்து, "மிஸ் ஆறுமுகம்!" என்று அழைத்தார். அவள் ஒரு கணம் திரும்பிப் பார்த்தாளாம், அப்பா எங்கே வந்தார் என்று! அந்த ஒரு வருஷம் முழுவதும் அவள் ஆறுமுகமாகவே இருந்தாள். பரீட்சை விடைத்தாளில் மட்டும் பெயர் கிடையாது, எண்தான். "அங்கேதான் ஐயா எனக்கு நிம்மதி" என்று எழுதியிருந்தாள்.

அந்த ஆசன வரைபடம் சாமானியமான காகிதமன்று. அரைவட்டமாய்ப் படிப்படியாக உயரும் மண்டபம். ஒவ்வொருவனுக்கும் நிலையான இடம். பேராசிரியர் கையிலுள்ள வரைபடத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் நேரே பெயரும் புகைப்படமும். அவர் உபந்நியாசம் செய்வதில்லை; கேள்வி கேட்கிறார். கிறிஸ்டபர் கொலம்பஸ் லாங்டெல் என்பவர் 1870இல் ஹார்வர்டு சட்டக் கல்லூரியின் தலைவராக வந்து, சட்டத்தை விதிகளாக ஒப்பிக்கச் செய்வதை விட்டுத் தீர்ப்புகளைக் கையில் கொடுத்து அவற்றிலிருந்து விதியைக் கறந்தெடுக்கச் சொன்னாரே, அந்த முறையின் சந்ததி இது. யாரை அழைப்பார் என்பது தெரியாது. அழைத்தால் எழுந்தோடவும் முடியாது.

சொத்துரிமை வகுப்பில் பெரும்பாலும் முதலிலேயே வரும் ஒரு வழக்கை உதாரணமாகச் சொல்கிறேன். 1805ஆம் ஆண்டில் நியூயார்க் நீதிமன்றத்தில் தீர்ந்தது. பியர்ஸன் எதிர் போஸ்ட் என்று பெயர். லாங் ஐலண்டில் யாருக்கும் சொந்தமில்லாத கடற்கரை வெளியில் போஸ்ட் என்பவர் வேட்டை நாய்களோடு ஒரு நரியைத் துரத்திச் செல்கிறார். அது களைத்துப் போகும் தறுவாயில், இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்த பியர்ஸன் என்பவர் குறுக்கே வந்து நரியைக் கொன்று எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். நரி யாருடையது? துரத்தினவனுக்கா, பிடித்தவனுக்கா? கீழ்க் கோர்ட்டார் துரத்தினவனுக்கு 75 சென்டு நஷ்டஈடு கொடுத்தார்கள். மேல் கோர்ட்டாரோ, துரத்தினால் மட்டும் உடைமை உண்டாகாது, கைக்குள் அகப்படுத்த வேண்டும் என்று மாற்றிவிட்டார்கள். லிவிங்ஸ்டன் என்ற நீதிபதி மட்டும், இதை வேட்டைக்காரர்களின் பஞ்சாயத்துக்கு விட்டிருக்கலாமே என்று பரிகாசமாக மாறுபட்ட தீர்ப்பெழுதினார்.

நம் மாணவன் இதை முதல் நாளிரவே மூன்று முறை படித்துவிட்டான். விதி என்ன, தீர்ப்பு என்ன என்று மனப்பாடம். பேராசிரியர் அவனை எழுப்பி, தீர்ப்பைக் கேட்கவில்லை. "நரிக்குப் படுகாயம் பட்டிருந்தால்?" என்கிறார். பதில் சொல்கிறான். "வலையில் அகப்பட்டு, வலை அறுந்திருந்தால்?" சொல்கிறான். "நரிக்குப் பதில் எண்ணெய்க் கிணறாக இருந்தால்?" இப்பொழுது நாக்குப் புரளவில்லை. "அப்படியானால் விதி எதற்காக? நரி ஒழியவேண்டும் என்பதற்கா, வழக்குகள் குறையவேண்டும் என்பதற்கா?" வகுப்பு முழுவதும் மௌனம். ஆனால் அவனுக்கு இரண்டு வரிசை கீழே உட்கார்ந்திருக்கும் ஜெர்மானியப் பெண்ணின் முகத்தில் ஒரு பிரகாசம். ஏனென்றால் அந்த 1805ஆம் வருஷத்துத் தீர்ப்பில் நீதிபதிகள் ஆதாரமாகக் காட்டுவது பழைய ஆங்கிலத் தீர்ப்புகளையன்று, ரோமாபுரிச் சக்கரவர்த்தி ஜஸ்டீனியனையும் ஜெர்மானியச் சட்ட அறிஞர் பூபெண்டார்பையும். ரோமாபுரிச் சட்டம் தன் தாய்வீட்டுச் சொத்து என்று கருதியிருந்த அவள், அதை நியூயார்க்கின் கடற்கரை மணலில் கண்டெடுக்கிறாள். நம்மவனோ, ஆங்கிலச் சட்ட மரபில் வந்த நான் இங்கே பாதி வீட்டுக்காரன் என்ற எண்ணத்தோடு வந்தவன்; ஜிஞ்சர் பீர் புட்டியில் நத்தை கிடந்த வழக்கை ஒப்பிக்க வல்லவன்; அந்த நத்தை இந்தக் கரையில் ஏறவேயில்லை என்று அறிந்து திகைக்கிறான்.

பரீட்சையும் இவ்வாறே. நம்முடைய கேள்வித்தாள், "தீர்ப்புகளை எடுத்துக்காட்டி விளக்குக" என்று கேட்கும். நாமும் வரைவிலக்கணம், முன்னுரை, வழக்குகள், முடிவுரை என்று அடுக்கி எழுதுவோம். அங்கே இரண்டு மூன்று பக்கத்துக்கு ஒரு கதை எழுதிக் கொடுப்பார்கள். ஒரு வியாபாரி, அவன் பங்காளி, ஒரு கசியும் கொதிகலம், எழுதாமல் வாயால் சொன்ன ஒரு வாக்கு, நடுவிலே இறந்துபோன ஒரு மாமன். இதில் எத்தனை வழக்குகள் ஒளிந்திருக்கின்றன என்று தேடிப்பிடித்து, ஒவ்வொன்றிலும் இரு தரப்பு வாதத்தையும் எழுதவேண்டும். பல பரீட்சைகளில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம்; திறக்கத்தான் நேரமிராது. முடிவு சரியா தவறா என்பதற்கு மதிப்பெண் இல்லை என்று அறிந்துகொள்ளவே சிலருக்கு ஒரு பருவம் போய்விடுகிறது. நன்றாகப் படித்த பிள்ளைகள்தாம் இதில் அதிகம் அல்லற்படுகிறார்கள், ஏனெனில் கேட்காத கேள்விக்கும் விடை தெரிந்திருக்கிறது அவர்களுக்கு.

இதுவரை சொன்னவை கௌரவமான கஷ்டங்கள். வித்தைக்காகப் படும் கஷ்டத்தில் அவமானமில்லை. இனிச் சொல்லப்போவது பணத்தைப் பற்றியது. பெயர்பெற்ற ஒரு சர்வகலாசாலையில் இந்த ஒன்பது மாதப் படிப்புக்குக் கல்விக் கட்டணம் மட்டும் 75,000 டாலருக்கு மேல். அறை, ஆகாரம், ஆரோக்கியக் காப்பீடு எல்லாம் சேர்ந்தால் ஒரு லட்சம் டாலருக்குக் குறையாது. உபகாரச் சம்பளம் கிடைக்கப் பெற்றவர்கள் பாக்கியசாலிகள். மற்றவர்களுக்கு வீட்டுப் பத்திரத்தின் பேரில் வங்கிக் கடன். வகுப்பில் எல்லோரும் ஒரே பெஞ்சியில் உட்கார்ந்தாலும் எல்லோரும் ஒரே நிலையில் இல்லை என்பதை இங்கே சொல்லவேண்டும். பக்கத்தில் இருக்கும் ஜப்பானியரை அவருடைய டோக்கியோ நிறுவனமோ அரசாங்க இலாகாவோ சம்பளத்தோடு அனுப்பியிருக்கிறது. அவர் திரும்பினால் அவருடைய நாற்காலி காத்திருக்கும். பிரேசிலிலிருந்து வந்த அரசு வழக்கறிஞர் படிப்பு விடுப்பில் வந்திருக்கிறார். கடன் வாங்கி வந்தவனுக்கு மட்டும், நரி யாருடையது என்ற கேள்வியின் நடுவே, தவணைத் தொகை எங்கிருந்து வரும் என்ற கேள்வியும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அங்கேயே வேலை கிடைத்துவிடாதா என்ற நம்பிக்கைதான் பெரும்பாலோரைக் கடனுக்குத் துணியவைக்கிறது. ஆகையால் அந்த வழியின் சுங்கச் சாவடிகளைச் சற்று விவரமாகவே சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் வழக்கறிஞராவதற்கு ஒவ்வொரு மாநிலமும் தனித்தனி வாசல். வெளிநாட்டில் படித்தவர்களுக்கு ஓரளவு திறந்திருப்பவற்றில் முக்கியமானவை நியூயார்க்கும் கலிபோர்னியாவும். நியூயார்க் பரீட்சை ஜூலை மாதக் கடைசியில் இரண்டு நாள் நடக்கும். 200 குறிவினாக்கள், ஆறு கட்டுரைகள், இரண்டு செய்முறைப் பணிகள். 400க்கு 266 எடுக்க வேண்டும். தொழில் ஒழுக்கத்துக்குத் தனிப் பரீட்சை. கட்டணமில்லாச் சட்டசேவை 50 மணி நேரம். இதில் நம் மாணவர் பலர் அறியாத விஷயம் ஒன்று: ஆங்கிலச் சட்ட மரபைப் பின்பற்றும் நாட்டில் போதிய காலம் முறையாகச் சட்டம் படித்தவர், தம் படிப்பு அங்கே ஈடாக மதிக்கப்பட்டால், எல்.எல்.எம். இல்லாமலே அந்தப் பரீட்சையை எழுதலாம் என்று நியூயார்க் விதியிலேயே இடம் இருக்கிறது. கலிபோர்னியாவிலும், தம் நாட்டில் வழக்கறிஞராகப் பதிவு பெற்றவர் மேற்படிப்பின்றியே எழுதலாம். பரீட்சைக்காகவே எல்.எல்.எம். என்று சொல்லிப் பணம் கட்ட வைப்பவர்கள் இந்த விதியைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

சரி, பரீட்சையில் தேறினாயிற்று. அடுத்த சாவடி வேலை. பெரிய சட்ட நிறுவனங்கள் தமக்கு வேண்டிய இளைஞர்களை ஜே.டி. மாணவர்களிலிருந்து முன்கூட்டியே பொறுக்கிக்கொள்கின்றன. வெளிநாட்டு மாணவர்களுக்கென்று ஜனவரி மாதத்தில் நியூயார்க்கில் நேர்முகங்கள் நடக்கும். இருபது முப்பது நிமிஷம் ஒருவரோடு. கடுங்குளிரில், இரவல் ஓவர்கோட்டில். அங்கே வரும் நிறுவனங்கள் பெரும்பாலும் தேடுவது சீனமோ ஜப்பானியமோ போர்த்துக்கீசியமோ அறிந்து, திரும்பிப்போய் அந்த நாட்டுக் கிளையில் அமரக்கூடியவரை. இந்தியாவிலோ அந்நிய நிறுவனங்கள் நெடுங்காலம் கிளை வைக்கவே அனுமதி இருந்ததில்லை. வேலையும் கிடைத்தது என்றே வைத்துக்கொள்வோம். மாணவ விசாவில் பட்டத்துக்குப்பின் பன்னிரண்டு மாதம் வேலை பார்க்கலாம். கணிதம், பொறியியல் படித்தவர்களுக்குக் கிடைக்கும் மேலும் இரண்டு வருஷ நீட்டிப்பு சட்டம் படித்தவனுக்கு இல்லை. அதற்குள் எச்-1பி என்ற வேலை விசாவுக்கு மனுச் செய்ய வேண்டும். அது ஆண்டுக்கு 85,000 என்ற வரம்புக்கு உட்பட்டது. மனுக்களோ அதற்குப் பல மடங்கு. யாருக்குக் கிடைக்கும் என்பதில் குலுக்கலுக்குப் பெரும் பங்கு உண்டு. இரு தரப்பு வாதத்தையும் எழுதக் கற்றுக்கொண்டு வந்தவன், வாதத்துக்கே இடமில்லாத ஒரு குலுக்கல் பெட்டியின் முன்னால் வந்து நிற்கிறான். இங்கிலாந்தின் கதையும் சில்லறை வேறுபாடுகளோடு இதுதான், விரிக்க வேண்டியதில்லை.

இவ்வளவையும் கேட்டபின், போகாதே என்று சொல்ல வந்தேன் என நினைத்துவிடாதீர்கள். அங்கே ஒரு லாபம் இருக்கிறது. அது விளம்பரப் புத்தகங்களில் அச்சாவதில்லை. மாணவர் விடுதியில் பொதுச் சமையலறை ஒன்று உண்டு. இரவு பத்து மணிக்கு நம் பெண் சாதத்தை வடித்துக்கொண்டிருக்கும்போது, சிலி நாட்டுக்காரன் ஒருவன் கேட்கிறான்: "உங்கள் நாட்டில் நீதிபதிகளை நீதிபதிகளே நியமிக்கிறார்களாமே, அரசியலமைப்பில் அப்படியா எழுதியிருக்கிறது?" அரசியலமைப்பில் அப்படி எழுதவில்லை, 1993ஆம் ஆண்டுத் தீர்ப்பில் ஏற்பட்டது, அதை மாற்ற நாடாளுமன்றம் செய்த திருத்தத்தையும் உச்சநீதிமன்றம் 2015இல் தள்ளிவிட்டது. இதையெல்லாம் அவள் இங்கே படித்து மதிப்பெண் வாங்கியவள்தான். ஆனால் இது ஆச்சரியமான விஷயம் என்று அவளுக்கு அதுவரை தோன்றியதில்லை.

மற்றொன்று சொல்கிறேன். பிரிந்துபோன மனைவியையோ கணவனையோ மீண்டும் சேர்ந்து வாழும்படி கோர்ட்டார் உத்தரவிடும் வகைக்கு நம் 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் ஒன்பதாம் பிரிவில் இடமிருக்கிறது. நம் இளம் வழக்கறிஞர் இதை ஏதோ மனுதர்ம காலத்துச் சரக்கு என்று நினைத்துக்கொண்டிருப்பார். லண்டனில் ஒரு வகுப்பில் உட்காரும்போதுதான், இது இங்கிலாந்தின் மாதாகோயில் நீதிமன்றங்களிலிருந்து வந்த சரக்கென்றும், இங்கிலாந்தார் 1970ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே அதைக் கழித்துக்கட்டிவிட்டார்கள் என்றும் தெரியவரும். கொடுத்தவன் தூக்கி எறிந்துவிட்டான். வாங்கினவன் குலதனமாகப் பூஜித்துக்கொண்டிருக்கிறான். தன் நாட்டுச் சட்டம் மலைபோல இயற்கையாக முளைத்ததன்று, ஏதோ ஒரு காலத்தில் சில மனிதர்கள் சில காரணங்களுக்காகத் தேர்ந்துகொண்டது, வேறுவிதமாகவும் தேர்ந்திருக்கலாம் என்ற இந்த ஞானம் அந்நிய தேசத்தில் எளிதாகப் பிறக்கிறது.

அங்கேதான் பிறக்கும் என்று சொன்னால் அது பொய். நம் அரசியலமைப்பின் வரைவுக் குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் சென்னையில் படித்தவர். கடல் கடந்து பட்டம் பெற்றவரல்லர். அரசியல் நிர்ணய சபையின் ஆலோசகர் பி. என். ராவ் 1947இல் அமெரிக்காவுக்குச் சென்று, அங்கே உச்சநீதிமன்ற நீதிபதி பிராங்க்பர்ட்டரைக் கண்டு, அவர்களுடைய நியாயமான நடைமுறை என்ற கோட்பாட்டை இங்கே புகுத்துவதில் உள்ள அபாயத்தைக் கேட்டு வந்தபோது, அந்த அமெரிக்கத் தீர்ப்புகளின் போக்கைச் சபையில் எடுத்து விளக்கத் தகுதியுள்ளவராக மயிலாப்பூரில் வாழ்ந்த அல்லாடி இருந்தார். அந்தக் கோட்பாடு இங்கே வேண்டாம் என்று அவர் அன்று எடுத்துக்கொண்ட கட்சி சரியா என்பது வேறு விவாதம். எனக்கு அதில் அபிப்பிராய பேதமுண்டு. ஆனால் கப்பல் ஏறாமலே கடல் கடந்த மனம் அவருடையது என்பதில் சந்தேகமில்லை.

ஆகவே போவதா இருப்பதா என்பதைவிட, எந்தக் கேள்வியோடு போவது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. கனேகோ கென்டாரோ என்ற ஜப்பானியர் 1878இல் ஹார்வர்டில், அந்த லாங்டெல்லின் காலத்திலேயே, சட்டப் பட்டம் பெற்றார். திரும்பிப்போய், 1889இல் பிரகடனமான ஜப்பானிய அரசியலமைப்பை எழுதிய சிறு குழுவில் ஒருவரானார். வாங் சுங்ஹுயி என்ற சீனர் 1905இல் யேலில் டாக்டர் பட்டம் பெற்று, ஜெர்மானிய சிவில் சட்டத்தை ஆங்கிலத்தில் பெயர்த்தார்! சீனர் ஒருவர் அமெரிக்காவில் படித்து ஜெர்மன் சட்டத்தை ஆங்கிலேயருக்குத் தந்தது வேடிக்கையாகத் தோன்றலாம். தம் தேசத்துக்கு எந்தச் சட்டம் ஏற்கும் என்று தேடி அலைந்தவருக்கு அது வேடிக்கையன்று.

அம்பேத்கர் 1913இல் பரோடா மகாராஜாவின் உபகாரச் சம்பளம் மாதம் பதினொன்றரைப் பவுன் பெற்று நியூயார்க் சேர்ந்தார். கொலம்பியாவில் அவர் படித்தது பொருளாதாரம். சட்டத்துக்குப் பின்னர் லண்டனில் கிரேஸ் இன் என்ற பாரிஸ்டர் சபை. நான் அவரை இங்கே இழுப்பது, அவர் அங்கே எதைப் பற்றி எழுதினார் என்பதற்காக. 1916ஆம் ஆண்டு மே மாதம் 9ஆம் நாள், ஒரு மானிடவியல் பேராசிரியரின் ஆராய்ச்சி வகுப்பில் அவர் வாசித்த கட்டுரை இந்தியாவின் ஜாதிகளைப் பற்றியது. கொலம்பியாவின் ஆராய்ச்சி நூல் இந்திய மாகாணங்களின் வருவாயைப் பற்றியது. லண்டனில் செய்தது ரூபாயைப் பற்றியது. அமெரிக்காவைப் பற்றியோ இங்கிலாந்தைப் பற்றியோ அவர் ஆராய்ச்சி செய்யவில்லை. அந்த நூல்நிலையங்களை, அந்தப் பேராசிரியர்களின் தர்க்கத்தை, தூரத்தின் தனிமையை, எல்லாவற்றையும் தம் ஊரின் மேல் திருப்பி வைத்துக்கொண்டார்.

நம் மொழி பேசுபவரில் இதற்கு இணையாக நான் காண்பவர் யாழ்ப்பாணத் தமிழ் மரபில் வந்து கொழும்பில் வளர்ந்த நீலன் திருச்செல்வம். 1944இல் பிறந்தவர்; தகப்பனார் புகழ்பெற்ற வழக்கறிஞர், மந்திரியாகவும் இருந்தவர். இலங்கையில் சட்டம் முடித்து, புல்பிரைட் உதவியோடு ஹார்வர்டு சென்று, எல்.எல்.எம். பட்டமும் அதன்மேல் எஸ்.ஜே.டி. என்ற டாக்டர் பட்டமும் பெற்றார். அந்த மகா நூல்நிலையத்தில் உட்கார்ந்து அவர் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சிப் பொருள் இலங்கையின் சாமானிய மக்களுக்கான நியாய மன்றங்கள். இலங்கையில் 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் இணக்க சபைகள் ஏற்பட்டிருந்தன. கிராமத்துத் தகராறை கோர்ட்டுக்குப் போகுமுன் ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் தீர்க்கவேண்டும் என்பது நோக்கம். மக்கள் நியாயம் என்ற பெயரால் அரசாங்கங்கள் இப்படி மன்றங்கள் ஏற்படுத்தும்போது உண்மையில் அங்கே யார் பேசுகிறார்கள், யாருக்காகப் பேசுகிறார்கள் என்பது எந்த நாட்டிலும் கேட்கவேண்டிய கேள்வி. அவர் தம் நாட்டை வைத்துக் கேட்டார். அந்த ஆராய்ச்சி 1984இல் நூலாகவும் வெளிவந்தது.

திரும்பிய பிறகு அவர் வழக்காடியதோடு நிற்கவில்லை. இனங்களைப் பற்றிய ஆராய்ச்சிக்கு 1982இல் ஒரு சர்வதேச நிலையத்தையும், சட்டத்துக்கும் சமூகத்துக்குமான ஓர் அமைப்பையும் நிறுவினார். 1995இல் இலங்கை அரசு அதிகாரப் பகிர்வுக்கான யோசனைகளை வெளியிட்டபோது, அவற்றை உருவாக்கியவர்களில் முக்கியமானவர்கள் இருவர்: ஹார்வர்டில் படித்த நீலனும், ரோட்ஸ் உதவியில் ஆக்ஸ்போர்டில் டாக்டர் பட்டம் பெற்ற ஜி. எல். பீரிஸும். ஒருவர் தமிழர், ஒருவர் சிங்களர். பிராந்தியங்களின் ஒன்றியம் என்ற கருத்தை ஒற்றையாட்சியில் ஊறிய ஒரு நாட்டில் சட்ட வாசகமாக எழுதுவதற்கு, பல நாடுகளின் அமைப்புகளை ஒப்பிட்டுப் பார்த்த கண் வேண்டியிருந்தது. அந்த யோசனைகள் நிறைவேறவில்லை. 1999ஆம் ஆண்டு ஜூலை மாதம் 29ஆம் நாள் காலையில் அலுவலகம் செல்லும் வழியில், கொழும்பு வீதியில் தற்கொலைக் குண்டுதாரி ஒருவரால் நீலன் கொல்லப்பட்டார். எந்தச் சர்வகலாசாலையும் இதற்கு ஒரு பாடம் வைத்திருக்கவில்லை.

அம்பேத்கரையும் நீலனையும் நான் சேர்த்துச் சொன்னதற்கு ஒரு நடைமுறைக் காரணம் உண்டு. நம் மத்திய அரசாங்கம் தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கும், சீர்மரபினர், நாடோடிச் சமூகத்தினருக்கும், நிலமற்ற விவசாயக் கூலிகளின் பிள்ளைகளுக்கும் தேசிய அயல்நாட்டு உபகாரச் சம்பளம் என்ற ஒன்றை அளித்து வருகிறது. கடன் வாங்க வீட்டுப் பத்திரம்கூட இல்லாத பிள்ளைகளுக்கு வெளிநாட்டு முதுநிலைப் படிப்புக்கு இருக்கும் அரிய வழிகளில் இது ஒன்று. 2022இல் இதன் விதிகளைத் திருத்தி, இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு, இந்தியாவைப் பற்றிய சமூக ஆய்வு ஆகிய பொருள்களைப் படிக்க இதிலிருந்து உதவி கிடையாது என்று ஆக்கினார்கள். அவற்றையெல்லாம் இங்கேயே படிக்கலாமே என்பது அதிகாரிகள் சொன்ன சமாதானம். இங்கேயே படிக்கலாம் என்பது உண்மைதான். அல்லாடியைப் பற்றி நானே சற்றுமுன் அதைத்தான் சொன்னேன். ஆனால் அவர் மயிலாப்பூரில் தம் நூல்நிலையத்தோடு இருந்தார். சேரியிலிருந்து புறப்படும் பிள்ளை, நியூயார்க்கில் அமெரிக்க வரிச் சட்டம் படிக்கலாம், தன் தெருவில் நடக்கும் அநியாயத்தை அங்கிருந்து சட்டக்கண்ணால் பார்க்கக்கூடாது என்று ஒரு விதி சொன்னால், அம்பேத்கர் 1916இல் வாசித்த கட்டுரைக்கு அந்த விதியில் இடமில்லை. இங்கே வந்திருக்கும் மூத்த வழக்கறிஞர்களிலே யாரேனும் இதை எதிர்த்து ஒரு மனு தயாரிக்க முன்வந்தால், விவரங்களைத் திரட்டித் தர நானும் என் மாணவர்களும் ஆயத்தமாக இருக்கிறோம்.